கிளி கடிக்கிறதா? யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கிளி வளர்ப்பவர்கள் என்னைக் கண்டதும் முதலில் காட்டுவது விரலை. சுன்னாகத்திலும் அதுதான், சாவகச்சேரியிலும் அதுதான். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். பச்சைக்கிளி, கொக்கடீல், லவ் பேர்ட்ஸ், கொனியூர் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இனத்துக்கு இனம் மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, கிளி எண்டால் கடிக்கத்தானே செய்யும்? இதுக்கு ஏதும் மருந்து கிடக்கோ?

மருந்து கிடையாது. ஆனால் கடிப்பது கிளியின் பிறவிக்குணம் என்று விட்டுவிடவும் தேவையில்லை. வெளியில் கூட்டமாகத் திரியும் கிளிகளைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றுக்கு மற்றது கிட்ட வருவது பிடிக்காவிட்டால் கழுத்தை நீட்டும், சொண்டைத் திறக்கும், கத்தும். மற்றது விலகிவிடும். இரத்தம் வரும் அளவுக்குச் சண்டை போவது குறைவு, ஏனென்றால் இரண்டுக்கும் பறந்துபோக இடம் இருக்கிறது.

வீட்டுக்குள் அந்த இடம் இல்லை. கழுத்தை நீட்டியும் சொண்டைத் திறந்தும் காட்டியதை நாங்கள் கவனிக்காமல் கையைக் கொண்டுபோகிறோம். கடைசியில் கடிக்கிறது. கை உடனே போய்விடுகிறது. மற்ற எதைச் செய்தும் போகாத கை கடித்தால் போகிறது என்று கிளி பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை முதலிலேயே கடிக்கும். கடிக்குப் பின் என்ன செய்வது என்பதை விட, கடிக்கு முந்திய நொடியில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்கிறேன்.

குஞ்சு எல்லாத்தையும் சொண்டாலை பிடிச்சுப் பாக்குது. அதுவும் கடிதானோ?

இல்லை. கிளிக்குச் சொண்டு ஏறுவதற்கும் பிடிப்பதற்கும் உதவும் இன்னொரு உறுப்பு. கையில் ஏறும் முன் விரலைச் சொண்டால் தொட்டு, தாங்குமா என்று பார்க்கும். அந்த நேரம் பயந்து விரலை இழுத்தால், இந்த விரல் ஆடும், நம்ப முடியாது என்று நினைத்து அடுத்த முறை இறுக்கிப் பிடிக்கும். அசையாமல் வைத்திருங்கள்.

பரிசோதிக்கும் பிடியில் நாக்கும் படும், அழுத்தம் மெதுவாகவே கூடும். கூடிக்கொண்டு போனால் விரலுக்குப் பதிலாக ஒரு பனையோலைத் துண்டைக் கொடுங்கள். கடித்துக் கிழிக்க ஓலை, சிரட்டைத் துண்டு, வேப்பங்குச்சி என்று எங்கள் வளவிலேயே வேண்டியளவு கிடக்கிறது. மருந்து அடித்த மரத்திலிருந்து எடுக்காவிட்டால் சரி.

கடிக்கப்போகுது எண்டு முன்கூட்டியே எப்பிடித் தெரியும்?

முதலில் கண். வளர்ந்த பச்சைக்கிளியின் கண்மணியைச் சுற்றி வெளிறிய வளையம் இருக்கும். உணர்ச்சி ஏறும்போது நடுவிலுள்ள கறுப்பு சட்டென்று சுருங்கி விரியும். குஞ்சுகளின் கண் முழுவதும் இருட்டாக இருப்பதால் அவற்றில் இது தெரிவது கஷ்டம். சந்தோசத்தில் பேசும்போதும் கண் இப்படிச் சுருங்கும் என்பதால் உடம்பையும் சேர்த்துப் பாருங்கள். இறகு முழுவதும் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, உடம்பு முன்னுக்குச் சாய்ந்திருந்தால், அல்லது வால் விசிறியாக விரிந்திருந்தால், கையைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். கொக்கடீலுக்குக் கொண்டை சொல்லும். தலையோடு ஒட்டப் படிந்து, கூடவே சீறல் வந்தால் கோபம். பாதி எழும்பி நின்றால் நிம்மதியாக இருக்கிறது.

பலரும் தவறவிடுவது இவை எதுவும் இல்லாத ஓர் அடையாளம். கிளி ஒரு காலில் கொய்யாத் துண்டைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறது. நீங்கள் கையை நீட்டுகிறீர்கள். மெல்லுவது நிற்கிறது. கொய்யாத் துண்டு பாதி வழியில் காலிலேயே நிற்கிறது. தலை அசையவில்லை, ஒரு கண் மட்டும் உங்கள் விரலைப் பார்க்கிறது. சத்தம் இல்லை, இறகு எழும்பவில்லை. பார்ப்பவர்கள் "நல்ல அமைதியாய் இருக்குது" என்பார்கள். அடுத்தது கடி.

அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். உதறாமல் ஒரு சாண் பின்னுக்கு எடுங்கள். திரும்பவும் மெல்லத் தொடங்கினால், தான் சொல்வதை நீங்கள் கேட்பீர்கள் என்று கிளி உங்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டுவிட்டது.

கடிச்சுப் பிடிச்சுக்கொண்டு விடாமல் நிண்டால் என்ன செய்யிறது? கையை உதறாமல் எப்பிடி இருக்கிறது?

கஷ்டம்தான், ஆனால் உதறினால் தோல் கிழியும், கிளியும் விழும். கையை மெதுவாக மேசைக்கோ கூட்டின் தடிக்கோ கிட்டக் கொண்டுபோனால் பெரும்பாலும் தானாக இறங்கும். மற்றக் கையால் ஒரு பொருளைக் காட்டினாலும் விடும். கத்தாதீர்கள். பயந்த கிளி இன்னும் இறுக்கும், துடுக்கான கிளிக்கு உங்கள் சத்தம் விளையாட்டாகிவிடும்.

கையை ஆட்டிக் கிளியைத் தடுமாற வைத்தால் விடும் என்று ஒரு முறை பரவியிருக்கிறது. நான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆடும் கையில் ஏறக் கிளிக்கு மனம் வராது, குஞ்சு விரலைச் சோதிப்பது பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். இறக்கிவிட்ட பிறகு கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். ஒரு மணித்தியாலம் கூட்டில் அடைத்துத் தண்டிப்பதைக் கிளி கடியோடு சேர்த்து விளங்கிக்கொள்ளாது.

சொண்டிலை ஒரு சுண்டு சுண்டினால் பயத்திலை விட்டிடும் எண்டு சொல்லினமே?

வேண்டாம். தண்ணீர் தெளிப்பது, கூட்டை உலுக்குவது, சாக்குப் போட்டு மூடுவதும் வேண்டாம். கை என்றால் அடி என்றுதான் அது படிக்கும். இன்னொன்றும் நடக்கும்: சீறியதற்கும் சொண்டைத் திறந்ததற்கும் அடி வாங்கிய கிளி அவற்றை விட்டுவிடும், கடியை விடாது. எச்சரிக்காமல் கடிக்கும் கிளிகள் பலவற்றின் கதை இதுதான்.

விரலிலை மிளகாய்த்தூள் பூசிப் பாத்தன். அது நக்கித் தின்னுது! என்ன கிளி இது?

சரியான கிளிதான். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கப்சைசின் என்ற பொருள். எங்கள் நரம்பில் அதை எரிவாக உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. பறவைகளிடமும் அந்த ஏற்பி உண்டு, ஆனால் கப்சைசினுக்கு அது அசைவதில்லை. 2002 இல் கோழியின் ஏற்பியை வைத்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். மிளகாய்ப்பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவது இதனால்தான். தூள் உங்கள் கண்ணிலும் பிள்ளைகளின் கண்ணிலும் படுவதுதான் மிச்சம். கசப்பான எண்ணெய்களைப் பூசுவதும் அப்படியே. கையைக் கண்டால் வெறுப்பு வரக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்.

கூட்டுக்கு வெளியிலை தங்கம். கையை உள்ளுக்கை விட்டால் மட்டும் பாஞ்சு கடிக்குது. ஏன்?

கூடு அதன் வீடு. உள்ளே வரும் கையிலிருந்து தப்ப அங்கே இடமும் இல்லை. கொக்குவிலில் ஒரு வீட்டில் கிளி அம்மாவை மட்டும் கடித்தது. காலையில் போய்ப் பார்த்தபோது, அவர் சின்ன விளக்குமாற்றைக் கூட்டுக்குள் விட்டு, கிளி இருக்கும்போதே எச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். கிளி மூலையில் கம்பியோடு ஒட்டி நின்றது. கூட்டுவதற்கு முன் கதவைத் திறந்து, அது தானாக வெளியே வந்து யன்னலடித் தடியில் இருந்ததும் ஒரு கச்சான் கொடுத்து, பிறகு துப்புரவு செய்யச் சொன்னேன். விளக்குமாறும் கிளியும் சந்திக்காமல் போனதும் கடியும் போய்விட்டது.

சாப்பாட்டுக் கிண்ணத்தையும் கிளி வெளியில் இருக்கும்போது மாற்றுங்கள், அல்லது வெளியிலிருந்தே மாற்றக்கூடிய கூடாக வாங்குங்கள். கிளியைக் கூட்டுக்குள் கைவிட்டுப் பிடித்து எடுக்காதீர்கள். கதவடிக்கு வரப் பழக்குங்கள்.

பழக்கிறது பழக்கிறது எண்டு சொல்லுறியள். எங்கையிருந்து தொடங்கிறது?

சாப்பாட்டிலிருந்து. கிண்ணத்தில் எதை முதலில் பொறுக்கித் தின்கிறது என்று பாருங்கள். பச்சைக்கிளிக்குப் பெரும்பாலும் சூரியகாந்தி விதை அல்லது கச்சான், லவ் பேர்ட்ஸுக்குத் தினைக்கதிர். அதைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இனி அது உங்கள் கையிலிருந்து மட்டும்தான் கிடைக்கும். பட்டினி போடக்கூடாது, மற்றச் சாப்பாடு வழக்கம்போல இருக்கட்டும்.

பிறகு ஒரு மெல்லிய குச்சியை எடுங்கள். கம்பிக்கு வெளியிலிருந்து குச்சி நுனியைக் காட்டுங்கள். ஆர்வத்தில் சொண்டால் தொட்டதும் "சரி" என்று ஒரே சொல்லைச் சொல்லி உடனே விதையைக் கொடுங்கள். தொடாமல் பார்த்தாலே போதும் என்று தொடங்க வேண்டிய பயந்த கிளிகளும் உண்டு. குச்சியைத் தேடி இரண்டடி நடந்து வரும்போது பாதி வேலை முடிந்தது. அடுத்து குச்சியைப் பின்தொடர்ந்து ஒரு தடியில் ஏறப் பழக்குங்கள், தடியைப் பிடித்திருக்கும் இடத்தை நாளுக்கு நாள் நுனிப்பக்கம் நகர்த்துங்கள், கடைசியில் விரலில் ஏறட்டும். ஒரு தரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம் நல்லது. குஞ்சிலிருந்து கையில் வளர்ந்தது சில நாட்களில் பிடித்துக்கொள்ளும். பெரிதான பிறகு பிடிபட்ட கிளிக்கு மாதங்கள் எடுக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: கிளிக்கு "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். விரலைக் காட்டியதும் தலையைத் திருப்பினால் விரலை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் ஐரின் பெப்பர்பேர்க் ஆராய்ச்சிக்கு வளர்த்து, 2007 இல் இறந்த அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளி, களைத்தால் "திரும்பிப் போகவேண்டும்" என்று ஆங்கிலத்தில் வாயாலேயே சொல்லும். உங்கள் கிளி தலையைத் திருப்பிச் சொல்கிறது. அதைக் கேட்கும் வீட்டில் அதற்குக் கடிக்கத் தேவை குறைவு.

சின்னனிலை நல்ல சாதுவாய் இருந்த பச்சைக்கிளி, அஞ்சாறு மாசத்திலை திடீரெண்டு பாயுது. ஆரும் கண்ணூறு படுத்திப்போட்டினமோ?

கண்ணூறு இல்லை, பருவம். பச்சைக்கிளிகள் நான்கு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் ஒரு கட்டத்தைக் கடக்கும். பாய்ந்து மிரட்டும், பல நேரம் கடிக்காமல் நிறுத்தும். நீங்கள் பயந்து கையை இழுத்தால் மிரட்டல் பலித்துவிட்டது என்று தொடரும். வலிந்து கையைத் திணித்தால் மிரட்டல் கடியாக மாறும். குச்சிப் பயிற்சியைத் தொடருங்கள், கைக்குப் பதிலாகத் தடியில் ஏற்றுங்கள். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை எடுக்கும்.

இந்தக் கட்டத்தில் கூட்டில் அடைத்து மறந்துவிடுகிறார்கள் பலர். விறாந்தை மூலையில் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டு தொங்கும் கிளிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் வேகும். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கடந்திருக்கும்.

எங்கடை கிளிக்குக் கழுத்திலை சிவப்பு வளையம் வந்தாப்பிறகு, வருசத்திலை கொஞ்சக் காலம் மட்டும் கடிக்குது.

வளையம் ஆணுக்குத்தான் வரும், ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். அதன் பிறகு இனப்பெருக்கக் காலத்தில் குணம் மாறும். இலங்கையில் வெளிப்புறக் கிளிகள் வருடக் கடைசியிலிருந்து அடுத்த ஆண்டு நடுப்பகுதி வரை முட்டையிடும். பட்டுப்போன பனையின் பொந்தில் அவை தலையை நீட்டிப் பார்ப்பதை அந்த நாட்களில் காணலாம். (அந்தப் பொந்தில் கைவிட்டுக் குஞ்சு எடுத்து விற்பதை நிறுத்த வேண்டும். வாங்க ஆள் இருக்கும்வரை அது நிற்காது.)

வீட்டுக் கிளிக்குப் பொந்து போன்ற எதுவும் கிடைக்கக்கூடாது. காட்போட் பெட்டி, அலுமாரிக்கு அடி, முட்டிச் சட்டி எல்லாவற்றையும் எடுங்கள். முதுகையும் செட்டைக்கு அடியையும் தடவாதீர்கள், அது இணை செய்யும் வேலை. தலையும் கழுத்தும் மட்டும் போதும். இரவு வெளிச்சத்தைக் குறையுங்கள். பெண் கிளி முட்டையிடும் எண்ணத்தில் இருந்தால் ஆணைவிடக் கடுமையாகக் காவல் காக்கும். பச்சைக்கிளியில் வீட்டு அதிகாரம் பெண்ணிடம்தான்.

கோயில் திருவிழாக் காலத்திலை எங்கடை கிளி ஆளே மாறிப்போகுது. உண்மையோ, மனப்பிரமையோ?

உண்மை. கிளிக்கு இரவில் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டும் அமைதியும் வேண்டும். நல்லூர்த் திருவிழா மட்டும் 25 நாள். அதைவிட ஒவ்வொரு ஊருக்கும் கோயில், ஒலிபெருக்கி, வெடி. நித்திரை கெட்ட கிளி எரிச்சலில் கடிக்கும். கூட்டை விறாந்தையிலிருந்து வீட்டின் உள்ளறைக்கு மாற்றுங்கள், காற்று போகும்படி மூன்று பக்கம் சீலை போடுங்கள். ரீவி ஓடும் ஹோலில் தூங்கும் கிளிகளுக்கு வருடம் முழுவதும் திருவிழாதான், அவற்றையும் மாற்றுங்கள்.

மகளோடை மட்டும் ஒட்டு. என்னைக் கடிக்குது. போன கிழமை நான் கிட்டப் போக, அவளையே கடிச்சுப்போட்டுது!

ஒருவரை இணையாகத் தெரிந்தெடுத்துவிட்டது. எட்டாத ஆள்மேல் வந்த கோபத்தை எட்டும் ஆளில் தீர்ப்பதும், "இங்கே நிற்காதே, போ" என்று தன் ஆளை விரட்டுவதும் கிளிகளிடம் உண்டு. மகளில் பிழை இல்லை.

அதற்கு மிகப் பிடித்த தீனியை இனி மகள் கொடுக்கக்கூடாது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். முதலில் மகள் அறையில் இல்லாத நேரம், தொடாமல், கிண்ணத்தில் போட்டுவிட்டு நடந்துவிடுங்கள். பிறகு குச்சிப் பயிற்சியை நீங்கள் எடுங்கள். மகள் அதன் முதுகைத் தடவுவதை நிறுத்த வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். நீங்கள் இருவரும் ஒன்றாக இருக்கும்போது கிளி மகளின் தோளில் இருக்க வேண்டாம்.

அன்ரி, எங்கடை கிளி மாமா வந்தால் மட்டும் ஏன் கடிக்குது? மாமா நல்லவர்.

மாமா ஹெல்மெட்டோடு உள்ளே வருகிறாரா என்று பார், பிள்ளை. ஹெல்மெட், குடை, கறுப்புக்கண்ணாடி, புது நிற நகப்பூச்சு, கிலுங்கும் காப்பு எதற்கும் கிளி பயப்படலாம். கழற்றி வெளியில் வைத்துவிட்டு வந்து, தூரத்தில் இருந்து கச்சான் கொடுக்கச் சொல். கம்பிக்குள்ளால் நீயும் விரல் விடாதே.

செட்டை இறகை வெட்டிவிட்டால் அடங்கும் எண்டு கடைக்காரர் சொன்னவர்.

பறந்து விலக முடியாத கிளிக்குக் கடி ஒன்றுதான் மிச்சம். முதல் பதிலில் சொன்ன பறந்துபோகும் இடத்தை நாங்களே வெட்டி எடுத்துவிடுகிறோம். வீட்டு மின்விசிறியையும் திறந்த யன்னலையும் கவனிப்பது அதைவிட நல்லது.

இவ்வளவு வருசமும் ஒருநாளும் கடிக்காத கிளி, இப்ப தொட்டாலே கடிக்குது. பயிற்சி குடுக்கிறதோ?

பயிற்சிக்கு முன் மிருக வைத்தியர். திடீரென்று குணம் மாறினால் நோவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் காலத்தில் முள்போன்ற குருத்துகளில் இரத்தம் ஓடும், தொட்டால் நோகும். அது தானாகச் சரிவரும். ஆனால் உடம்பை உப்பிக்கொண்டு இருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, கூட்டின் அடித்தட்டில் இருப்பது, எச்சத்தின் நிறம் மாறுவது, பெண் கிளி முக்கிக்கொண்டு நிற்பது என்றால் அன்றைக்கே கொண்டுபோங்கள். முட்டை அடைத்துக்கொண்டால் நாளைக்கு என்று வைக்க முடியாது. கிளிகள் நோயை மறைக்கும். எங்களுக்குத் தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

கடிச்ச இடத்துக்கு என்ன செய்யிறது? நாய்க்கடிக்குப் போடுற ஊசி போட வேணுமோ?

விசர்நாய் நோய் பாலூட்டிகளால் பரவுவது, கிளியிடமிருந்து வராது. அந்த ஊசி தேவையில்லை. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள், இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் பூச வேண்டாம். ஆழமாக வெட்டியிருந்தால், முகத்தில் பட்டிருந்தால், அல்லது அடுத்த நாள் வீங்கிச் சிவந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று அங்கே சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சின்னக் காயத்துக்கும் காட்டுங்கள். கண்ணில் பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தால் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் வரலாம். கூட்டை நனைத்துவிட்டுத் துடையுங்கள். காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் வீட்டில் கிளி இருக்கிறது என்று வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

ஏலாது அக்கா. பேசாமல் திறந்து விடுவம் எண்டு யோசிக்கிறம்.

கொக்கடீலும் லவ் பேர்ட்ஸும் வெளிநாட்டுப் பறவைகள். இங்கே வெளியில் விட்டால் காகமும் பூனையும் விடாது. வீட்டில் வளர்ந்த பச்சைக்கிளிக்கும் இரை தேடவோ பருந்தைக் கண்டு ஒளிக்கவோ தெரியாது. பச்சைக்கிளி இருபது, முப்பது வருடம் வாழக்கூடியது. வைத்திருக்க முடியாவிட்டால் பறவை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். எப்போது கடிக்கும், எதற்குப் பயம், என்ன தீனி பிடிக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். கடிக்கும் என்பதை மறைத்துக் கொடுத்தால் அது கைமாறிக் கைமாறிப் போகும்.

இப்ப ஒரு மாசமாய்க் கடிக்கேல்லை. இனித் தோளிலை விடலாமோ?

கையில் இருக்கும் கிளியின் கண்ணை நீங்கள் பார்க்கலாம். தோளில் இருக்கும் கிளியின் கண் உங்களுக்குத் தெரியாது, உங்கள் காதும் உதடும் அதன் சொண்டுக்கு முன்னால் இருக்கும். நான் பார்ப்பது மூன்று விசயம்: தடியைக் காட்டினால் உடனே தோளிலிருந்து இறங்குகிறதா, இனப்பெருக்கக் காலம் முடிந்துவிட்டதா, வீட்டுக்கு வேறு ஆட்கள் வராத நேரமா. மூன்றுக்கும் ஆம் என்றால், ஒரு சில நிமிடம் விட்டுப் பாருங்கள். தோடு, சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் தோளில் எந்தக் கிளியையும் விடாதீர்கள்.